கொச்சிவரை வந்த குலசாமி

பிறந்த குழந்தை வீடு அதிரக் கத்தும். கத்தி முடித்துப் பால் குடிக்கும், உடனே அடுத்த கத்தலுக்குத் தயாராகும். தொண்டை கம்மாது, குரல் உடையாது. அதே வேலையை நான் இருபத்து மூன்று வயதில் செய்தேன். குரல் போயிற்று, ஊர் கூடிற்று, ஒரு ஜீப் நிறையப் பங்காளிகள் மாநில எல்லையைத் தாண்டினார்கள், எங்கள் குலசாமி முதன்முறையாகக் கடலைப் பார்த்தது. ஆகவே, கத்துவது எல்லாருக்கும் தெரிந்த வேலைதானே என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நான் சொல்வது தண்ணீர்க் குழாயடியில் கத்துவதை அல்ல (அதில் எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைத் திறமை உண்டு). கிடாரும் டிரம்ஸும் இடிக்கிற இடிக்கு நடுவில் ஒருவர் நல்லபடியாகப் பாடிக்கொண்டே வருவார், திடீரென்று உறுமுவார், அலறுவார், மறுபடி ஒன்றுமே நடக்காததுபோலப் பாட்டுக்குத் திரும்புவார். மெட்டல் என்று அந்த இசைக்குப் பெயர். கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி என் காதில் மாட்டிவிட்ட அன்றே முடிவு செய்துவிட்டேன், இது எனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று. எனக்கு என்னைப் பற்றி எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு. இன்றும் அதில் பெரிய மாற்றமில்லை.

படிப்பு முடிந்து கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பத்துக்குப் பக்கத்திலேயே எங்கள் ஊர். அங்கே அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். வேலை முடிந்து வந்ததும் போனில் வீடியோ பார்த்துக் கற்க ஆரம்பித்தேன். வீடியோவில் வந்த மொட்டைத்தலை வாத்தியார் முதல் பாடத்திலேயே கெஞ்சாத குறையாகச் சொன்னார், மூச்சை வயிற்றில் பிடிக்க வேண்டும், தொண்டையை நெரிக்கவே கூடாது, வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று. நான் அந்தப் பாடத்தை ஓட்டிவிட்டு நேராக ஏழாவது பாடத்துக்குப் போனேன். முதல் பாடமெல்லாம் புதிதாகக் கற்பவர்களுக்கு. (நான் ஆரம்பித்து நான்கு நாள் ஆகியிருந்தது.)

ஏழாவது பாடத்தில் பயிற்சிகள் இருந்தன. உதடுகளைச் சேர்த்து வைத்துப் ‘புர்ர்ர்’ என்று ஊத வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னத்தா, டிராக்டரா ஓட்டுற?” என்றாள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு ஊதிக்கொண்டே ராகம் இழுக்க வேண்டும். அப்பா, “பஞ்சர் பாக்குறா” என்றார். நாக்கை நாடிவரை நீட்டிக்கொண்டு முனக வேண்டும். அதை இரண்டு பேரும் எட்டி நின்று பார்த்தார்கள். மறுநாள் காலையில் மஞ்சள்காமாலையாக இருக்குமோ என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

அலறல் பயிற்சியை வீட்டில் ஒரே ஒரு தடவைதான் செய்தேன். பூரான் கடித்துவிட்டது என்று நினைத்த அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்து என் காலைச் சுற்றி அடித்த அடியில், பூரானே கடித்திருக்கலாம் என்றாகிவிட்டது. அதோடு பயிற்சியைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு மாற்றினேன். உள்ளே மோட்டார் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. திரீ பேஸ் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போவேன். கதவைச் சாத்தி, காதில் இயர்போனைச் சொருகி, கூந்தலை அவிழ்த்துவிட்டு (அந்த இசையில் தலையைச் சுழற்றாதவர்களுக்கு மரியாதை கிடையாது) கத்துவேன். கத்தி முடித்ததும் தொண்டையில் மிளகாய் அரைத்த மாதிரி எரியும். வித்தை ஏறுகிறது, அதனால்தான் எரிகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் கொச்சியில் ஒரு மெட்டல் குழு பாட ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பாடிய பையன் கனடாவுக்குப் படிக்கப் போய்விட்டான். பாடவும் வேண்டும், அலறவும் வேண்டும், தமிழில் பாடினால் இன்னும் நல்லது என்று போட்டிருந்தார்கள். மோட்டார் ரூமில் பதிவு செய்த ஒரு துண்டை அனுப்பிவைத்தேன். அந்தச் சின்ன அறைச் சுவரின் எதிரொலியும் மோட்டாரின் இரைச்சலும் சேர்ந்து என் குரலுக்கு இல்லாத கம்பீரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். ஜோபின் என்று குழுவின் கிடார்காரன் போன் செய்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாடிக் காட்ட வேண்டும், அன்றே முடிவு சொல்லிவிடுவோம் என்றான். நான் அன்று ஏலக்காய் மூட்டை எடையைத் தப்பாக அடித்து, அதற்கு முதலாளி திட்டியதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். என் வாழ்க்கை தொடங்கப் போகிறது, இவர் எடையைப் பற்றிப் பேசுகிறாரே என்றிருந்தது. வீட்டில் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம்.

இந்த இடத்தில் எங்கள் குலசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடைக்கரைக் காளியம்மா. கோயில் எங்கள் தோட்டத்து வரப்பை ஒட்டியே இருக்கிறது. ஆத்தா இறங்கி ஆடுவதற்கு ஒரு சாமியாடி உண்டு. அவர் காலமானால் அடுத்த ஆளை மனிதர்கள் நியமிக்க முடியாது. பங்காளிகள் எல்லாரும் கூடி நிற்க, பூசாரி உடுக்கை அடித்து உத்தரவு கேட்பார். ஆத்தா யார்மேல் இறங்குகிறாளோ அவர் அலறிக்கொண்டு ஆடத் தொடங்குவார், அவரே அடுத்த சாமியாடி. பழைய சாமியாடி போய் மூன்று வருடமாகியும் ஆத்தா யார்மேலும் இறங்கவில்லை. உத்தரவு இல்லாமல் திருவிழா இல்லை. இதில் அதிகமாக நொந்துபோனவர் அப்பா. தன் தோட்டத்து ஓரத்திலேயே ஆத்தா கவனிப்பாரற்றுக் கிடக்கிறாளே என்று தினமும் போய் விளக்கேற்றுவார். வந்து யாரோடும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடி உத்தரவு கேட்பதற்காகப் பூசாரிப் பெரியப்பா எல்லாரையும் கூட்டினார். நான் தலைவலி என்று சொல்லிக் கழன்றுகொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். கோயிலில் உடுக்கைச் சத்தம், எனக்குப் பக்கத்தில் மோட்டார்ச் சத்தம், இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது என்று கணக்குப் போட்டேன். கணக்கில் கரண்ட் போவதை மட்டும் சேர்க்கவில்லை.

கரண்ட் போயிருக்கிறது. மோட்டார் நின்றிருக்கிறது. இயர்போனில் டிரம்ஸ் முழங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. அதே நேரத்தில் கோயிலில் பெரியப்பா உடுக்கையை நிறுத்தி, கையைத் தூக்கி, “ஆத்தா! மூணு வருசமா ஒன் வாசல்ல காத்துக் கெடக்கோம். இருக்கியா இல்லையா? ஒரு வாக்கு சொல்லு தாயி!” என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த அமைதியில் நான் என் வாழ்நாளின் மிக நீளமான அலறலை அலறினேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் கதவைத் திறந்தபோது பாட்டுக்கு நடுவே நாக்குப் பயிற்சியில் இருந்தேன். அவிழ்ந்த கூந்தல், வேர்த்து வழிகிற முகம், தொண்டையை நெரித்து நெரித்துச் சிவந்த கண்கள், நாடிவரை நீட்டிய நாக்கு. காளியம்மா கோயில் சுவரில் வரைந்திருக்கும் படத்துக்கும் எனக்கும் சுடிதார் ஒன்றுதான் வித்தியாசம்.

“ஏலே, ஆத்தா எறங்கிட்டாடா!” என்று முதலில் கத்தியவர் தவமணி சித்தப்பா. அப்பாவின் தம்பி. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு தினமும் கேரளாவுக்கு ஜீப் ஓட்டுகிறவர். எதிலும் முந்திக்கொள்வார். இதிலும் முந்திக்கொண்டு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். இல்லை, நான் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அத்தனை நாள் தொண்டையை நெரித்ததற்கு அந்த நிமிடத்தில் பலன் கிடைத்தது. முறையாகக் கத்தியிருந்தால் பேசுவதற்குக் குரல் மிஞ்சியிருக்கும், இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

“பேச மாட்டேங்குறாளே?” என்றாள் ஓர் அத்தை.

“மூணு வருசக் கோவம் இருக்காதா? மெதுவாத்தேன் பேசுவா” என்றார் பெரியப்பா. பேசிக்கொண்டே என் வலது மணிக்கட்டில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிவிட்டார். அடுத்த புதன்கிழமை திருவிழா. காப்புக் கட்டியவர் அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தனியாக எங்கும் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கொச்சி என் கண் முன்னாலேயே மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. கையைச் சைகையாக ஆட்டி மறுத்துப் பார்த்தேன். நான் ஆட ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக் குலவை போட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பாவைப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எம்மக மேல எறங்கிருக்கா” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவரிடமும் சொல்லிவிட்டு அடுத்தவரிடமும் போய்ச் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருடமாகியிருந்தது. குரல் இருந்திருந்தால்கூட அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இரண்டு நாள் எனக்குக் குரல் இல்லை. வீட்டு வாசலில் வரிசை மட்டும் இருந்தது. பையனுக்குத் துபாய் விசா வருமா, திராட்சை விலை ஏறுமா, மருமகள் திரும்பி வருவாளா என்று கேட்டு வந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினாலும் திருப்தியாகப் போனார்கள். வியாழக்கிழமை குரல் கொஞ்சம் திரும்பியதும் அம்மாவிடம் மட்டும் கொச்சி விஷயத்தைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“காப்பைக் கழட்டுனா ஒங்க அப்பா தாங்க மாட்டாரு. கொச்சிக்குப் போகாட்டி நீ தாங்க மாட்ட. நான் யாருக்குன்னு பேச?” என்றாள். அப்புறம் யோசித்து, “ஏத்தா, நீதான இப்ப ஆத்தா? நீயா பாத்து ஒரு வழி சொல்லு” என்று மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அம்மா சலிப்பில் சொன்னதை நான் ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பூஜையில் உடுக்கை முழங்கியதும் கூந்தலைச் சுழற்றி ஆடினேன். ஆட்டத்தில் எனக்குப் பயிற்சி இருந்தது.

“ஆத்தா, திருவிழாவுக்குத் தீர்த்தம் எங்கன எடுக்க? வழக்கம்போல சுருளி அருவியிலயா?” என்று பெரியப்பா கேட்டார்.

“கடல்!” என்றேன்.

சித்தப்பா முன்னால் வந்து கைகட்டி நின்றார். “தாயி, தூத்துக்குடிக்குப் போயி எடுத்தாந்துருவமா? ரோடு நல்லாருக்கு.”

“மேற்கே!”

“மேக்கன்னா கேரளாவுல்ல வருது?”

“கொச்சி! ஞாயிற்றுக்கிழமை!”

“கொச்சி பெரிய ஊராச்சே, அங்கன எந்தப் பக்கம் தாயி?”

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். வழி கேட்டால் சரியாகச் சொல்கிற பழக்கம் எனக்கு. ஜோபின் போனில் சொன்னபடியே, “பாலம் இறங்கி இடது பக்கம், பேக்கரிக்கு எதிரே” என்றுவிட்டேன்.

என் உயிர் என்னிடம் இல்லை. சித்தப்பாதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மேப்பு இல்லாமச் சொல்றா பாருங்க! நான் இருவது வருசமா ஓட்டுறேன், எனக்கே அந்தப் பாலம் தெரியாது!”

காப்புக் கட்டியவள் எல்லையைத் தாண்டலாமா என்ற கேள்வி அடுத்து வந்தது. இதைப் பெரியப்பா தீர்த்துவைத்த விதத்தை நினைத்தால், அவர் வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர் என்று தோன்றும். ஊர் எல்லைக் கல்லுக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். “எல்லைய நாமளே கூடக் கொண்டுபோறோம். பெறகு தாண்டுனதா எப்படிக் கணக்கு வரும்?” என்றார்.

நான் தனியாகப் பஸ்ஸில் போக நினைத்த பயணம் இப்படித்தான் ஒரு ஜீப் பயணமாயிற்று. முன் சீட்டில் அப்பா, மடியில் எல்லை. நடுவில் மஞ்சள் சேலையும் வேப்பிலை மாலையும் வெறுங்காலுமாக நான். சுற்றிலும் அம்மா, அத்தைகள், பங்காளிகள், உடுக்கையோடு பெரியப்பா, பித்தளைச் சொம்பு. குமுளிச் சோதனைச் சாவடியில் ஒருவர் டார்ச் லைட்டால் அப்பா மடியைத் தட்டி, துணியில் என்ன என்று கேட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். “எங்க ஊர் எல்லைங்க” என்றார். அந்த மனிதர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டு வழிவிட்டார். வளைவுக்கு வளைவு அத்தைகள் வாந்தி எடுத்தார்கள். நான் வேப்பிலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உதட்டைப் ‘புர்ர்ர்’ என்று ஊதிப் பயிற்சி செய்துகொண்டே போனேன். “ஆத்தாவுக்குக் குளுருது” என்று ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார்கள்.

கடலில் சொம்பு நிறைந்தது. அப்பா கடலைக் கும்பிட்டார். எல்லாரும் ஊருக்குத் திரும்பலாம் என்று நிற்கையில், ஆத்தா குறிப்பிட்ட அந்தப் பாலம், அந்தப் பேக்கரி என்று சித்தப்பாவே நினைவுபடுத்தி ஜீப்பை விட்டார். பேக்கரிக்கு எதிரே மாடியில்தான் அந்த ஸ்டுடியோ. நான் மட்டும் மேலே போய்விட்டு வருகிறேன் என்றேன். காப்புக் கட்டியவளைத் தனியாக எப்படி விடுவது? செருப்புகளை எல்லாம் படிக்கட்டில் வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் என் பின்னால் ஏறியது.

ஜோபின் கதவைத் திறந்தான். கறுப்புச் சட்டை, காதில் வளையம், கழுத்துவரை முடி. என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தவன் முகம் மலர்ந்துவிட்டது. “காஸ்ட்யூம் கொள்ளாம்ட்டோ!” என்றான். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்து, “இவரொக்கே ஆரா?” என்றான்.

“ஆத்தா வேஷம் நல்லாருக்குன்னு சொல்றாப்ல. நாமள்லாம் ஆருன்னு கேக்குறாப்ல” என்று சித்தப்பா மொழிபெயர்த்துவிட்டு, அவனிடம் “ஃபேமிலியாணு மோனே” என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இது என்ன இடம் என்று யாரும் கேட்கவில்லை. ஆத்தா சொல்லி வந்த இடம், அவ்வளவுதான். அம்மா மட்டும் சுவரோரம் நின்று, இரண்டு கையாலும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முதலில் பாட்டுப் பகுதி. சுருதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கிளம்பினாலும் கடைசி வரியில் சந்தித்துக்கொண்டோம். ஜோபின் மோசமில்லை என்பதுபோலத் தலையசைத்தான். அடுத்தது அலறல். டிரம்ஸ் இடித்தது. நான் மைக்கைப் பிடித்துத் தொண்டையை வழக்கம்போல நெரித்தேன். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையின் சத்தம் வந்தது. ஜோபினின் முகம் வாடியது. நன்றாகத் தெரிந்துவிட்டது, இவ்வளவு தூரம் வந்தது இத்தோடு முடிகிறது என்று. எனக்கு அழுகை முட்டியது. விடக் கூடாது என்று கூந்தலை ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்ணை மூடி, மறுபடி அலற மூச்சிழுத்தேன்.

கூந்தல் சுழன்றதுதான் தாமதம், பெரியப்பாவின் உடுக்கை முழங்கியது. அத்தைகள் குலவை போட்டார்கள். சித்தப்பா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முந்திவந்து சொம்புக் கடல்தண்ணீரை என் உச்சந்தலையில் கவிழ்த்தார். பாதி என்மேல், மீதி மைக்கிலும் அதற்குப் பக்கத்தில் இருந்த பெட்டியிலும் விழுந்தது. பெட்டி ‘டப்’ என்று ஒரு சத்தம் கொடுத்துப் புகைந்தது.

தலையில் சில்லென்று தண்ணீர் பட்டதும் வயிறு தானாக மூச்சை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தொண்டையை நெரிக்க நேரமே இல்லை. அப்படியே வந்தது: “யோவ் சித்தப்பாஆஆ! மைக்குல தண்ணிய ஊத்துறியேய்யாஆஆ! அறிவிருக்காய்யா ஒனக்கூஊஊ!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே பேக்கரியில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்து மேலே பார்த்தார்களாம். தொண்டை கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ஜோபின் காதில் இருந்த ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான். நனையாத வேறொரு மைக்கில் எல்லாம் பதிவாகியிருந்தது. அறையில் உடுக்கை நின்றது, குலவை நின்றது. ஆத்தா யாரையும் சித்தப்பா என்று கூப்பிட மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். கூப்பிட்டது பவித்ரா, அதாவது நான்.

அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்தார். மடியில் இருந்த எல்லையை விடாமல் கையில் பிடித்திருந்தார்.

“செவ்வாக்கெழம கத்துனதும் நீதானாத்தா?”

“ஆமாப்பா. மோட்டார் ரூம்ல பாட்டுப் பழகிக்கிட்டிருந்தேன். கரண்டு போனது தெரியலப்பா.”

அவர் கையிலிருந்த எல்லை முடிச்சைப் பார்த்தார். அந்த நேரத்தில் கொச்சியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், அந்த மூன்று வருடத்து முகம் மட்டும் திரும்பி வந்துவிடக் கூடாது என்றுதான் எனக்கிருந்தது. பெரியப்பாதான் தொண்டையைச் செருமினார்.

“இதுல என்ன கொழப்பம்? நாம உத்தரவு கேட்டோம். சத்தம் வந்துச்சு. நாம கேட்ட நொடியில கரண்ட நிறுத்துனது ஆரு? இவளா? ஆத்தா ஆரு வாயக் கடன் வாங்குனா நமக்கென்ன? காப்புக் கட்டியாச்சு, கடல்தண்ணி எடுத்தாச்சு. புதங்கெழம திருவிழா.” சொல்லிவிட்டுக் காலிச் சொம்பைப் பார்த்து, “திரும்பப் போயி எடுக்கணும்” என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு ஜோபின் பக்கம் திரும்பி, “தம்பி, எம்மக பாசா பெயிலா?” என்று கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஜோபினுக்குத் தமிழ் ஓரளவு புரியும். அவன் ஒரு விரலைத் தூக்கி, “ஒன்னூடே!” என்றான்.

“இன்னொருக்கா அதே மாதிரி கத்தணுமாம்” என்றார் சித்தப்பா.

கத்தினேன். பூனைதான் வந்தது. மறுபடி கத்தினேன். அதே பூனை. ஜோபின் உதட்டைப் பிதுக்கினான். சித்தப்பா காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “ஏத்தா, மறுபடி ஊத்தவா?”

அன்று நான் பெயில். முறையாகப் பழகிவிட்டு வா, அதுவரை வேறு யாரையும் எடுக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். (அந்தப் புகைந்த பெட்டியை வெயிலில் வைத்ததும் பிழைத்துக்கொண்டது. எங்கள் ஆத்தாவின் கருணை.) புதன்கிழமை திருவிழா நடந்தது. கொச்சிக் கடல்தண்ணீரை நான்தான் தலையில் சுமந்து வந்தேன். அன்று என்மேல் என்ன இறங்கியதென்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சொம்பை இறக்கியபோது அப்பாவின் முகம் மட்டும் நினைவில் இருக்கிறது. அதன்பின் மொட்டைத்தலை வாத்தியாரின் முதல் பாடத்தைத் திறந்து முதலிலிருந்து பழகினேன். மூச்சு வயிற்றுக்கு வந்தது, எரிச்சல் போனது, பூனை வீட்டைவிட்டு ஓடியது. மறுவருடம் ஜோபினின் குழுவில் சேர்ந்தேன். இன்று அந்த வட்டாரத்தில் என்னைவிடச் சுத்தமாக அலறுகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அதில் இரண்டு விரலை நான் மடக்கித்தான் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் அன்று வந்த அந்தச் சத்தத்தை என்னால் மேடையில் இன்றுவரை முழுசாகப் பிடிக்க முடியவில்லை. ஜோபின் அந்தப் பதிவை வெட்டி, எங்கள் முதல் பாட்டின் நடுவே சேர்த்துவிட்டான். கொச்சிப் பையன்கள் அர்த்தம் தெரியாமல் “யோவ் சித்தப்பா” என்று கூடவே கத்துகிறார்கள். சித்தப்பாவுக்கு அதுதான் ரிங்டோன். பாட்டில் பங்கெடுத்தவர்கள் பெயரைப் போடும்போது கிடார், டிரம்ஸ், குரல் என்று போட்டு, கடைசியில் ‘சொம்பு: தவமணி’ என்றும் போட்டிருக்கிறோம். வீட்டு விசேஷங்களில் யாராவது பாடத் தயங்கினால், “தவமணிய ஒரு சொம்பு கொண்டாரச் சொல்லு” என்பார்கள். தயங்கியவர் உடனே பாடிவிடுவார்.

கொச்சியில் எங்கள் முதல் பெரிய நிகழ்ச்சிக்கு அப்பா ஜீப்பில் வந்து முன்வரிசையில் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சுற்றிலும் கறுப்புச் சட்டைகள். மேடையில் நான் மூச்சிழுத்தேன், பின்னாலிருந்து சித்தப்பா சொம்பைக் கவிழ்த்தார், கூட்டம் கூரையைப் பிய்த்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் மலைத்துப்போய் அப்பாவிடம் குனிந்து, அவர்கள் யார் என்று கேட்டானாம். அப்பா இரண்டு பேரையும் விரலால் தனித்தனியாகக் காட்டி, தன் பெருமையில் கொஞ்சமும் குறை வைக்காமல் சொல்லியிருக்கிறார்: “கத்துறது எம்மக. தண்ணி ஊத்துறது எந்தம்பி.”